படி என்றோம், எப்படி என்று சொல்லவில்லை

1992ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். ரொறொன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், அடுக்குமாடிக் கட்டடமொன்றின் நிலக்கீழ் அறையில் ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நாம் சிலர் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தோம். அன்று ஒரு தகப்பன் தனது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரவு வேலை முடிந்து நித்திரை கொள்ளாமல் நேரே வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. கையிலிருந்த நான்கு தாள்களை மேசையில் விரித்தார்.

“மாஸ்ரர், பெடியன் ஒரு எழுத்துப் பிழை விடாமல் எழுதியிருக்கிறான். இதுக்குச் சைபர் போட்டிருக்கினம். நீங்களே பாருங்கோ.”

பார்த்தோம். கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்து 1885இல் முடிக்கப்பட்ட பசுபிக் புகையிரதப் பாதையைப் பற்றிய சரித்திரக் கட்டுரை. மணிமணியான கையெழுத்து. கலைக்களஞ்சியத்தின் இரண்டு பக்கங்கள் சொல்லுக்குச் சொல், காற்புள்ளிகூடத் தவறாமல், அந்தத் தாள்களில் இறங்கியிருந்தன. கடைசித் தாளின் அடியில் ஆசிரியை சிவப்பு மையில் சைபர் போட்டு, பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதியிருந்தார். பிறருடைய எழுத்தைத் திருடுவதைக் குறிக்கும் சொல் அது. வேலையிடத்தில் யாரிடமோ அதன் கருத்தைக் கேட்டு அறிந்திருந்தார் தகப்பன். சைபரைவிட அதுதான் அவரைச் சுட்டது. “களவெடுக்கிற பழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை” என்றார்.

பெடியன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் பார்த்து எழுதவில்லை. நூல்நிலையத்தில் பிரதியெடுத்த பக்கங்களை மூன்று இரவு இருந்து பாடமாக்கி, பிறகு அவற்றை மூடிவைத்துவிட்டு எழுதியிருக்கிறான். அரைகுறை ஆங்கிலத்தோடு இரண்டு பக்க ஆங்கிலத்தைப் பாடமாக்குவது இலேசான காரியமல்ல. ஒரு வருடத்துக்கு முன்னர் வரை அவன் படித்த யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் இதற்கு மெச்சியிருப்பார்கள். ஸ்காபரோவின் ஹைஸ்கூலில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வந்த அவனுக்கு, இங்கே கட்டுரை எழுதுவது என்றால் என்னவென்று யாருமே சொல்லவில்லை. ஆசிரியைக்கும் அது சொல்லப்பட வேண்டிய ஒன்றாகத் தோன்றியிருக்காது. அந்த வகுப்பிலிருந்த ஏனைய பிள்ளைகள் ஆரம்ப வகுப்புகளிலிருந்தே “உன்னுடைய சொற்களில் எழுது” என்று கேட்டு வளர்ந்தவர்கள்.

அந்த நான்கு தாள்கள் எம்மை நெடுநாள் விடவில்லை. புத்தகத்தைப் பிசகில்லாமல் திருப்பிச் சொல்வது எமக்கு எப்போது படிப்பாயிற்று, அதே காரியம் எங்கே எப்போது திருட்டாயிற்று என்பதைத் தேடத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்தவற்றின் ஒரு பகுதி.

எமது திண்ணைப் பள்ளிக்கூடங்களை எடுத்துக்கொள்வோம். விஜயதசமியன்று ஏடு தொடக்கி, மணலில் விரலால் அரிவரி எழுதி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று ஏறி, நிகண்டு வரை போவது வழக்கம். சட்டம்பியார் சொல்லப் பிள்ளைகள் கூட்டாகத் திருப்பிச் சொல்வார்கள். முதல்நாட் பாடத்தை மறுநாட் காலையில் ஒவ்வொருவராக ஒப்புவிக்க வேண்டும். பிழைத்தால் அடி. இதைக் கிளிப்பிள்ளைப் படிப்பு என்று எள்ளுவது பின்னாளில் நாகரிகமாகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் ஏடு அரிது. ஒன்றைப் படியெடுக்க நாட் கணக்கில் எழுத்தாணி பிடிக்க வேண்டும். எடுத்ததையும் செல் தின்னும். எனவே நினைவுதான் நூல்நிலையம். அகராதியைக்கூடச் செய்யுளில் இயற்றியவர்கள் மனனத்துக்காகவே அப்படிச் செய்தார்கள். (இந்தத் திண்ணைகள் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை, பெண்பிள்ளைகளில் மிகச் சிலரே அங்கே ஏறினார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுவதே நேர்மை.)

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும் சம்பவம் ஒன்று உண்டு. 1825இல் சென்னையில் ‘காலசங்கலித’ என்ற பெருநூல் அச்சாகியது. அதை எழுதிய ஜோன் வாரன் என்ற இராணுவ அதிகாரி, புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவரைக் கண்டார். அந்தக் கணிதர் நிலத்தில் சோகிகளைப் பரப்பி, சொற்களாகவும் அசைகளாகவும் கட்டி மனனம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே, அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதுகோலைத் தொடவில்லை. வானியல் வரலாற்றாசிரியரான ஓட்டோ நொய்கெபோவர் 1952இல் இதைப்பற்றி எழுதியபோது, கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழைத்திருந்தன என்று காட்டினார். பல நூற்றாண்டுகள் வாய்வழியாக வந்த கணக்குக்கு இது வியப்பான செம்மைதான். ஆனால் அந்தக் கணக்கு ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்பது, அதைச் செய்து காட்டிய அவருக்கே தெரியாது. வாரன் அதையும் பதிவு செய்திருக்கிறார். பிள்ளை புகையிரதப் பாதையைப் பற்றி எழுதிய தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சோகிகள் எமக்கு ஞாபகம் வரும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரின் ஆண் அநாதைகள் காப்பகத்துக்குப் பொறுப்பாக வந்த அன்றூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். தமது காப்பகத்தின் உபாத்தியாயர்கள் அதைச் செய்ய மறுத்தபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். எமது சட்டாம்பிள்ளை முறை வேறென்ன? 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் பின்னர், ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களெங்கும் பரவியது. அதாவது படிக்கும் முறைகள் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்குக்கு மட்டும் கப்பலேறவில்லை.

பழைய முறையில் பழகிய பிள்ளைகள் புதிய முறைக்குள் கூட்டாக நுழைந்த முதற் சந்தர்ப்பம் யாழ்ப்பாணத்தில் 1823இல் வந்தது. 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிசனரிமார், வட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரியை நினைத்துத் திட்டமிட்டு, கடைசியில் அதைச் செமினரி என்ற பெயரில் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம், தருக்கம் என்று பாடங்கள் விரிந்தன. ஆளுநர் அலுவலகத்தில் உயர்பதவி வகித்த எமர்சன் ரெனன்ற் 1850இல் எழுதிய நூலில், இது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது என்று மெச்சினார்.

எமக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. திண்ணையிலிருந்து வந்த பையன்களை அவர்கள் நேரே மேல்வகுப்பில் கொண்டுபோய் இருத்தவில்லை. முதலில் விடுதிப் பள்ளிக்கூடங்களில் வைத்து ஆங்கிலமும் அடிப்படைக் கணிதமும் புதிய ஒழுங்கும் பழக்கி, அதற்குப் பிறகே செமினரிக்கு எடுத்தார்கள். அர்த்தம் புரியாமல் ஒப்புவிக்கிறார்கள் என்பது மிசனரி எழுத்துகளில் ஓயாத முறைப்பாடு. ஆனால் முறைப்பாட்டோடு நிற்காமல், பையன்களோடு கூடவே இருந்து, வருடக் கணக்கில் பழக்கினார்கள். 1829இல் வந்த சந்திர கிரகணத்தின்போது, வட்டுக்கோட்டைப் பஞ்சாங்ககாரர் விசுவநாத ஐயர் கணித்ததற்கும் பூவர் கணித்ததற்கும் வேறுபாடு ஏற்பட்டது. ஊர் கூடி அன்றிரவு வானத்தைப் பார்த்தது. பூவரின் கணிப்பே ஒத்துவந்தது. மதம் பரப்பும் நோக்கத்தில்தான் பூவர் அதை ஒரு போட்டியாக்கினார்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முற்றத்தில் நின்ற மாணவனுக்கு அது ஒரு பாடம்: எழுதியிருப்பதை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதற்கு விலையும் இருந்தது. பையன்கள் வீட்டையும் கோயிலையும் விட்டு வந்தார்கள். உதவிப்பணம் தந்த அமெரிக்கர்களின் பெயர்களை அவர்களுக்குச் சூட்டினார்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களின் முற்பாதி அப்படி வந்ததுதான். இவர்களுள் நெவின்ஸ் பின்னர் ‘நியாய இலக்கணம்’ என்ற தருக்க நூலைத் தமிழில் எழுதினார். விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி. ஏ. பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை பழைய ஏடுகளைத் தேடிப் பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த கதை யாவரும் அறிந்தது. மனனத்தில் வளர்ந்த ஒரு சமூகம் ஒப்பிடுதலைக் கற்றுக்கொண்டதன் பலன் என்று அதை நாம் வாசிக்கிறோம். செமினரிக்குள் போனவர்கள் பெரும்பாலும் வெள்ளாளப் பையன்களே என்பது இந்தக் கதையின் மறுபக்கம்.

ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிசன் பள்ளிக்கூடத்தில் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்தவர், அவரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, எதிராளியின் ஆயுதத்தை உள்ளிருந்து அறிந்தவராகத் தொடங்கினார். அவருடைய பாலபாடங்கள் சிறிய வாக்கியத்திலிருந்து பெரிய விடயத்துக்குப் படிப்படியாக ஏறுகின்றன. சந்தி பிரித்து, நிறுத்தக்குறிகள் இட்டு அச்சிட்டார். பிள்ளை தனியே, ஓசையில்லாமல், கண்ணால் வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டுமானால் சொற்கள் பிரிந்து நிற்க வேண்டும். நாவலரின் மதவாதத்தோடும் சாதிப்பற்றோடும் எமக்கு உடன்பாடில்லை. ஆனால் பிள்ளை எப்படி வாசிக்கும் என்பதை இருந்து யோசித்த மனிதர் அவர்.

1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலப் படிப்பு ஊழியக்காரரை உருவாக்காமல் அரசாங்க உத்தியோகத்தரை உருவாக்குகிறது என்பது பொஸ்ரன் தலைமையகத்தின் மனத்தாங்கல். அதே இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. உத்தியோக மோகம் மட்டும் மூடப்படவேயில்லை.

பிறகு வந்தது சோதனைகளின் காலம். 1880இல் கேம்பிரிட்ஜ் சோதனைகள் இலங்கைக்கு வந்தன. எங்கோ இருக்கும் முகந்தெரியாத ஒருவர் திருத்தும் தாளுக்காகப் படிப்பது என்ற புதுப்பழக்கம் வேரூன்றியது. 1945இல் இலவசக் கல்வி வந்து, தோட்டக்காரனின் பிள்ளைக்கும் கடற்றொழிலாளியின் பிள்ளைக்கும் கதவு சற்றுத் திறந்தது. அந்தக் கதவின் வாசலிலும் சோதனையே நின்றது. 1971இல் தரப்படுத்தல். பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227 புள்ளி போதுமாயிருந்தபோது தமிழ் மொழிமூல மாணவன் 250 எடுக்க வேண்டியிருந்தது. எம்மில் ஒருவர் அந்த இடைவெளிக்குள் விழுந்தவர். அந்தப் புள்ளிகளை எட்டிப்பிடிக்கவென்று யாழ்ப்பாணத்துச் சந்திகளில் கிடுகுக் கொட்டில்களில் ரியூட்டரிகள் பெருகின. ஒரு வாங்கில் எட்டுப்பேர் நெருக்கியிருக்க, மாஸ்ரர் குறிப்புச் சொல்வார், எழுதுவோம். கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து, எந்தக் கேள்வி வரும் என்று ஊகித்து, விடையைப் பாடமாக்குவோம். ‘ஆராய்க’ என்று கேட்டாலும் ‘விளக்குக’ என்று கேட்டாலும் ஒரே குறிப்பைத்தான் எழுதினோம். அநீதிக்கு எதிராக நின்ற ஒரு சமூகம் கையிற் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது. அதில் கேலிக்கு இடமில்லை. ஆயினும் எப்படிப் படிப்பது என்று தானே கண்டுபிடிக்கும் வேலையை ரியூட்டரி மாஸ்ரர் எமக்காகச் செய்துவிட்டார். 1990இல் மின்சாரமும் போய், ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு, வெளிச்சம் அணையுமுன் மனதில் ஏற்றிக்கொள்வதே புத்திசாலித்தனமாயிருந்தது. நான்கு தாள்களை எழுதிய பெடியன் அந்த விளக்கிலிருந்து வந்தவன்.

இனி ஒன்ராறியோ. ஹைஸ்கூல் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு அறை, வேறு ஆசிரியர். கொப்பிகளுக்குப் பதிலாக வளையம் போட்ட பைண்டர். வீட்டுவேலை எழுதுவதற்கு ஒரு நாட்குறிப்பு. அதை வாரம் முழுதும் வெறுமையாக வைத்திருந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். மூன்று வாரத்துக்குப் பிறகு கொடுக்க வேண்டிய அசைன்மென்ற் என்றால், இருபதாம் நாள் இரவு அதைத் தொடங்குவார்கள். ஊரில் நாளைக்கு ஒப்புவிப்பதுதான் பாடம்; மூன்று வாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி வேலை செய்ய யார் பழக்கினார்கள்? வகுப்பில் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆசிரியரின் முகத்தை நேரே பார்க்கமாட்டார்கள். அங்கே அது மரியாதை. இங்கே அக்கறையில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள்.

அப்போது ஒன்ராறியோவில் பாடங்கள் மூன்று தரங்களில் நடந்தன: அடிப்படை, பொது, உயர்நிலை. பல்கலைக்கழகம் போவதற்கு உயர்நிலைப் பாடங்களில் ஏறி, கடைசியில் ஓ. ஏ. சி. என்ற பதின்மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் ஆறு எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கான தெரிவுப் பத்திரம் குளிர்காலத்தில் வீட்டுக்கு வரும். அந்தத் தகப்பனுக்கும் வந்தது. பாடசாலை ‘பொது’ என்று பரிந்துரைத்திருந்தது. அவர் கையெழுத்து வைத்துவிட்டார். நாம் பதறிக் கேட்டபோது சொன்னார்: “பொது எண்டா எல்லாருக்கும் உரியது எண்டுதானே நினைச்சன். மற்றது கெட்டிக்காரருக்கு ஏதோ மேலதிகமாக்கும் எண்டு விட்டிட்டன்.”

இது எமது பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1992 யூன் மாதம் ஸ்ரீபன் லூயிஸ் ஒன்ராறியோ முதல்வருக்குக் கொடுத்த இனவுறவு பற்றிய அறிக்கையில், கறுப்பினப் பிள்ளைகள் கீழ்த்தரங்களுக்குத் தள்ளப்படுவதைக் கடுமையாகவே சுட்டிக்காட்டினார். 1993 செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்பில் இந்தத் தரப்பிரிப்பு நீக்கப்பட்டது. 1999இல் வேறு அரசாங்கம், வேறு பெயர்களில், அதே பிரிப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே 1999ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக்கென்று ‘கற்றல் உத்திகள்’ என்ற ஒரு பாடம் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எப்படிப் படிப்பது என்பது சொல்லிக் கொடுக்கப்பட வேண்டிய ஒன்று என மாகாணம் தாளில் ஒப்புக்கொண்டது. எமது பெடியனுக்கு அது எட்டு வருடம் பிந்தி வந்தது.

எமது சனிக்கிழமை வகுப்பின் கதையும் பெருமைப்படத்தக்கதல்ல. நாம் தொடங்கியது ஸ்காபரோவில் ஒரு ரியூட்டரி. குறிப்புச் சொன்னோம், எழுதினார்கள். கணிதத்தில் புள்ளி ஏறியது, தாய்தகப்பன்மார் மகிழ்ந்தார்கள். ஆங்கிலமும் சரித்திரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு நாள் ஒரு பிள்ளை சொன்னாள்: “அங்கிள், நீங்கள் சொல்லேக்கை எல்லாம் விளங்குது. வீட்டை போனா எங்கை தொடங்கிறது எண்டு தெரியேல்லை.” அதற்குப் பிறகுதான் நாமும் நூல்நிலையத்துக்குப் போனோம்.

அங்கே கண்ட ஒரு விடயம் எம்மைத் திகைக்க வைத்தது. ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ரொபின்சன் 1946இல் வெளியிட்ட நூலொன்று, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் படிப்புப் பழக்கம் சொல்லிக் கொடுப்பதற்கு நெடுங்காலம் அடிப்படையாயிருந்தது. அவர் சொன்னவை ஐந்து படிகள். முதலில் தலைப்புகளையும் உபதலைப்புகளையும் மேலோட்டமாகப் பார். ஒவ்வொரு தலைப்பையும் ஒரு கேள்வியாக மாற்று. விடை தேடி வாசி. புத்தகத்தை மூடிவிட்டு ஒப்புவி. சில நாட் கழித்து மீட்டுப் பார். நான்காவது படிக்கு அவர் போட்ட ஆங்கிலச் சொல், எமது சட்டம்பியார் செய்வித்த அதே ‘ஒப்புவித்தல்’. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் வோல்ரர் போக் 1962இல் வெளியிட்ட நூலில், குறிப்புத் தாளின் இடப்பக்கத்தில் ஒரு பத்தி விட்டுக் கேள்விச் சொற்களை எழுதி, வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு சொல்லிப்பார் என்கிறார். அதுவும் ஒப்புவித்தலே. வித்தியாசம் ஓர் இடத்தில்தான்: புத்தகத்தின் சொல்லை அல்ல, பொருளைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மூன்று இரவு பாடமாக்கிய பெடியன் ஐந்தில் நான்காவது படியைத் தலைகீழாக அறிந்திருந்தான். இரண்டாவது படிதான் அவனுக்குத் தெரியாது. பிரித்தானியக் கொலம்பியாவைக் கூட்டாட்சிக்குள் வைத்திருக்க அந்தப் பாதை ஏன் தேவைப்பட்டது, அதைப் போட்ட சீனத் தொழிலாளருக்கு என்ன நேர்ந்தது என்று அவன் தன்னைக் கேட்கவில்லை.

இதைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு தற்செயல் உதவியது. ஒரு பிள்ளையின் வீட்டில் அம்மம்மா, ஆங்கிலம் தெரியாதவர், “என்ன படிச்சனி, சொல்லு பாப்பம்” என்று தினமும் கேட்பாராம். புத்தகத்து ஆங்கிலத்தை அவருக்கு ஒப்புவிக்க முடியாது. தமிழில், தனது சொல்லில், விளங்கச் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பிள்ளையின் கட்டுரைகள் மட்டும் ஏன் வேறுமாதிரி இருந்தன என்று அன்றுதான் புரிந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளையும் வீட்டிலுள்ள முதியவருக்குத் தமிழில் பாடம் சொல்லிவிட்டு வரச் சொன்னோம். வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று ஒரு பாடசாலையில் சொல்லப்பட்டதை நம்பிப் பிள்ளைகளோடு தமிழை நிறுத்தியிருந்த தாய்தகப்பன்மாரோடு நாம் வாதிட வேண்டியிருந்தது. கூடவே, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாதநாட்காட்டி ஒட்டுவித்து, அசைன்மென்ற் கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த நாளில் நூல்நிலையம், எந்த நாளில் முதற்பிரதி என்று குறிக்கப் பழக்கினோம். ‘ஒப்பிடுக’ என்றால் இரண்டு நிரல் போடு, ‘காரணம் கூறு’ என்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏன் என்று கேள். இவை சின்ன விடயங்கள். தெரிந்தவருக்குச் சொல்லவே கூச்சமாயிருக்கும் அளவுக்குச் சின்னவை.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பின்னர் வாசித்தோம். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றப் பகுதியினர் ஒருமுறை வாசித்து, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறி, நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். மறுநாட் காலை ஒப்புவிக்கச் சொன்ன சட்டம்பியாருக்கு ஏதோ தெரிந்திருந்தது. பிரம்புதான் தேவையில்லாதது.

பெடியன் அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதினான். ஆங்கிலம் குறண்டியிருந்தது, எழுத்துப் பிழைகள் நிறைய. ஆசிரியை அதை வாங்கி நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் போட்டார். தகப்பனுக்கு அது விளங்கவேயில்லை. “பிழையில்லாததுக்குச் சைபர், பிழையா எழுதினதுக்கு ஐம்பத்தெட்டோ?” என்று கேட்டார். பத்திரத்தை மாற்ற நாம் அவரோடு பாடசாலைக்குப் போனோம். தவணை முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் யாரும் பார்க்கவில்லை. அவன் பொதுத் தரத்திலேயே முடித்து, இரண்டு வருடக் கல்லூரிப் படிப்போடு வேலைக்குப் போய், முப்பது வயதுக்கு மேல் இரவு வகுப்புகளில் இருந்து பட்டம் எடுத்தான்.

ஒன்ராறியோவில் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் 2021இலும், ஏனைய பாடங்களில் 2022 செப்டெம்பரிலும் தரப்பிரிப்பு மறுபடி நீக்கப்பட்டது. அந்தச் செப்டெம்பரில் அவனுடைய மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். பாடத்தெரிவுப் பத்திரத்தைத் தொலைபேசியில் படமெடுத்து எமக்கு அனுப்பி, எந்தப் பெட்டியில் அடையாளம் போடுவது என்று கேட்டிருந்தான். தேடிப் பார்த்தோம். அந்தப் பெட்டி இல்லை. அதை அவனுக்குச் சொன்னோம். வடிவாய்ப் பார்த்தீர்களோ என்று இரண்டாந்தரமும் கேட்டான்.